அடுப்பங்கரைக்கு வருமா ஹைட்ரஜன்?

தானேயையும் பேலாப்பூரையும் இணைக்கும் நெடுஞ்சாலை நவி மும்பையை இரு கூறாகப் பகுக்கிறது. சாலைக்குக் கிழக்கே, குன்றுகளின் அடிவாரம் வரையில், மகாராஷ்டிரத் தொழில் வளர்ச்சிக் கழகம் அமைத்த தொழிற்பேட்டை பரந்து கிடக்கிறது. மேற்கே, கடற்கழியின் கரை வரையில், 1970இல் தோற்றுவிக்கப்பட்ட சிட்கோ நிறுவனம் திட்டமிட்டு எழுப்பிய குடியிருப்புகள் உள்ளன. கோபர்கைரனே இக்குடியிருப்புகளுள் ஒன்று. மாதுங்கா, செம்பூர், தாராவி ஆகிய பகுதிகளில் வாழ்ந்துவந்த தமிழ்க் குடும்பங்கள் பலவும் இடநெருக்கடியின் காரணமாகக் கழியைக் கடந்து நவி மும்பையில் குடியேறியுள்ளன.

இங்குள்ள வீடுகள் பலவற்றில் எரிவாயு உருளைக்குப் பதிலாகக் குழாய் வழியே வரும் இயற்கை எரிவாயு அடுப்பில் எரிகிறது. இதில் பெரும்பகுதி மீத்தேன். இந்த மீத்தேனுடன் ஓரளவு ஹைட்ரஜனைக் கலந்து அனுப்பினால் என்ன என்னும் வினா இன்று எழுந்துள்ளது. தேசியப் பசுமை ஹைட்ரஜன் இயக்கத்திற்கு மத்திய அமைச்சரவை 2023 ஜனவரி 4ஆம் நாள் ஒப்புதல் அளித்தது. ஒதுக்கீடு 19,744 கோடி ரூபாய். 2030ஆம் ஆண்டிற்குள் ஆண்டுக்கு 50 லட்சம் டன் உற்பத்தி என்பது இலக்கு. அதே மாதத்தில் சூரத் அருகே கவாஸ் என்னுமிடத்தில், தேசிய அனல் மின் கழகத்தின் ஊழியர் குடியிருப்பில், குழாய் எரிவாயுவுடன் ஹைட்ரஜனைக் கலந்து வீடுகளுக்கு வழங்கும் முயற்சி தொடங்கியது. தொடக்கத்தில் கலந்த அளவு கன அளவில் 5 சதவீதம்.

ஒரு புறம் ரசாயன ஆலைகள், மறு புறம் மக்கள் நெருங்கி வாழும் அடுக்குமாடிகள் என்று அமைந்துள்ள ஓர் ஊரில் இவ்வினா வெறும் ஆராய்ச்சிக்கூட வினாவன்று. அதற்கு விடை காண, ஹைட்ரஜன் எவ்வாறு எரிகிறது, மீத்தேனிலிருந்து எவ்வகையில் வேறுபடுகிறது என்பதை அறிதல் வேண்டும்.

பம்பாய்க்குப் பழக்கமான வாயு

ஹைட்ரஜன் இந்நகருக்குப் புதியதன்று. 1860களில் பம்பாயின் தெருவிளக்குகள் நிலக்கரி வாயுவால் எரியத் தொடங்கின. காற்றில்லாத உலைகளில் நிலக்கரியைச் சூடாக்கிப் பெறப்பட்ட அந்த வாயுவில் கன அளவில் ஏறத்தாழப் பாதி ஹைட்ரஜன். எஞ்சியதில் மீத்தேனும், நச்சுத்தன்மை வாய்ந்த கார்பன் மோனாக்சைடும் முதன்மையானவை. ஆகவே ஹைட்ரஜன் கலந்த வாயுவைக் குழாய் வழியே வீட்டுக்கு அனுப்புவது புரட்சிகரமான எண்ணம் என்று கூறுவோர், நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முந்தைய நகர நிர்வாகத்தின் அனுபவத்தை மறந்துவிடுகின்றனர்.

பின்னர் தொழிற்சாலைகள் வந்தன. 1965இல் செம்பூரை அடுத்த டிராம்பேயில் உரத் தொழிற்சாலை உற்பத்தியைத் தொடங்கியது. 1978 முதல் அது ராஷ்ட்ரீய ரசாயன உர நிறுவனத்தின் கீழ் இயங்கிவருகிறது. 1968இல் தானே-பேலாப்பூர் சாலையில் நோசில் நிறுவனத்தின் பெட்ரோலிய ரசாயன ஆலை இயங்கத் தொடங்கியது. நாப்தாவை உயர் வெப்பநிலையில் சிதைக்கும்போது எத்திலீன், மீத்தேன் ஆகியவற்றுடன் ஹைட்ரஜனும் வெளிப்படும். அச்சிதைப்பு ஆலை பின்னாளில் மூடப்பட்டுவிட்டது. எனினும் இப்பகுதித் தொழிலாளர்களுள் ஒரு தலைமுறையினர் ஹைட்ரஜன் ஓடும் குழாய்களுக்கு நடுவே பணிபுரிந்தவர்கள்.

மூன்று பங்கு இரண்டாவது எவ்வாறு?

1766இல் ஹென்றி கேவண்டிஷ் இவ்வாயுவைத் தனி ஒரு பொருளாக இனங்கண்டு 'எரியும் காற்று' என்று குறிப்பிட்டார். அது எரிந்தால் நீர் உண்டாகிறது என்பது தெளிவான பிறகு லவாய்ஸியர் அதற்கு 'நீரை உண்டாக்குவது' என்னும் பொருள்பட ஹைட்ரஜன் என்று பெயரிட்டார். தமிழில் நீரியம், நீரகம் என்னும் சொற்கள் பிறந்ததும் இப்பொருளிலிருந்துதான்.

வாயுக்கள் தமக்குள் வினைபுரியும்போது எளிய முழு எண் விகிதத்தில் இணைகின்றன என்பதை 1808இல் கே-லூசாக் எடுத்துரைத்தார். இரண்டு லிட்டர் ஹைட்ரஜன், ஒரு லிட்டர் ஆக்ஸிஜனுடன் சேர்ந்து இரண்டு லிட்டர் நீராவியாகிறது. அளவுகள் யாவும் ஒரே வெப்பநிலையிலும் ஒரே அழுத்தத்திலும் கணக்கிடப்பட வேண்டும். மூன்று பங்கு இரண்டாகச் சுருங்குவதன் காரணத்தை 1811இல் அவகாட்ரோ விளக்கினார். சம கன அளவுள்ள வாயுக்களில் மூலக்கூறுகளின் எண்ணிக்கை சமம். ஆகவே இரண்டு ஹைட்ரஜன் மூலக்கூறுகளும் ஓர் ஆக்ஸிஜன் மூலக்கூறும் மறைந்து, இரண்டு நீர் மூலக்கூறுகள் தோன்றுகின்றன. டிராம்பேயில் அம்மோனியா தயாராகும்போதும் இதே கணக்குத்தான்: மூன்று பங்கு ஹைட்ரஜனும் ஒரு பங்கு நைட்ரஜனும் சேர்ந்து இரண்டு பங்கு அம்மோனியாவாகின்றன.

இங்கே மாணவர்கள் அடிக்கடி எழுப்பும் ஐயம் ஒன்றுண்டு. கன அளவு சுருங்குமானால் வெடிப்பு எவ்வாறு நேர்கிறது? சுருக்கம் என்பது குளிர்ந்த பின் கணக்கிடும்போது தோன்றுவது. எரியும் கணத்தில் வெளிப்படும் வெப்பமே வாயுவை விரிக்கிறது. காற்றில் சரியான விகிதத்தில், அதாவது ஏறத்தாழ 29.5 சதவீதம், ஹைட்ரஜன் கலந்து மூடிய கலத்தில் எரிந்தால் அழுத்தம் ஏறத்தாழ 8 மடங்காக உயரும். மீத்தேனை அவ்வாறே எரித்தாலும் உயர்வு கிட்டத்தட்ட இதே அளவுதான். இறுதி அழுத்தத்தில் இவ்விரு வாயுக்களுக்குமிடையே பெரிய வேறுபாடு இல்லை. வேறுபாடு, அந்த அழுத்தம் எவ்வளவு விரைவில் எழுகிறது என்பதில் உள்ளது.

சங்கிலித் தொடர்

ஹைட்ரஜனையும் ஆக்ஸிஜனையும் ஒரு குடுவையில் கலந்து அறை வெப்பநிலையில் வைத்திருந்தால் ஆண்டுக்கணக்கில் ஒன்றும் நிகழாது. ஹைட்ரஜன் மூலக்கூறிலுள்ள இரு அணுக்களையும் பிரிக்க, மோல் ஒன்றுக்கு 436 கிலோஜூல் ஆற்றல் தேவை. அந்தப் பிணைப்பே காவல். ஆனால் ஒரு பொறி விழுந்து சில அணுக்கள் விடுபட்டுவிட்டால் நிலைமை மாறிவிடுகிறது. தனித்த ஹைட்ரஜன் அணு ஒன்று ஆக்ஸிஜன் மூலக்கூறைத் தாக்கி, ஓர் ஆக்ஸிஜன் அணுவையும் ஒரு ஹைட்ராக்சில் துகளையும் தோற்றுவிக்கிறது. அந்த ஆக்ஸிஜன் அணு மற்றொரு ஹைட்ரஜன் மூலக்கூறைத் தாக்கி, இன்னொரு ஹைட்ராக்சிலையும் ஒரு ஹைட்ரஜன் அணுவையும் அளிக்கிறது. ஹைட்ராக்சில் துகள்களோ ஹைட்ரஜனுடன் சேர்ந்து நீராகி, மேலும் ஹைட்ரஜன் அணுக்களை விடுவிக்கின்றன. ஒன்று பலவாகிறது, பல, எண்ணிலவாகின்றன. இவ்வாறு கிளைத்துப் பெருகும் வினையைச் சங்கிலித் தொடர் வினை என்பர். இத்துறையில் ஆராய்ந்த சோவியத் அறிஞர் செமியோனவுக்கும் ஆங்கிலேய அறிஞர் ஹின்ஷல்வுட்டுக்கும் 1956ஆம் ஆண்டின் ரசாயன நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது.

இச்சங்கிலியை அறுக்கவும் வழி உண்டு. மிகக் குறைந்த அழுத்தத்தில், பரவும் துகள்கள் ஒன்றையொன்று சந்திப்பதற்குமுன் கலத்தின் சுவரை எட்டி அங்கே அழிந்துவிடுகின்றன, வெடிப்பு நிகழ்வதில்லை. அழுத்தத்தைச் சற்று உயர்த்தினால் வெடிக்கிறது. மேலும் உயர்த்தினால், வியப்பூட்டும் வகையில், வெடிப்பு மீண்டும் நின்றுவிடுகிறது. ஹைட்ரஜன் அணுவும் ஆக்ஸிஜனும் மூன்றாவதொரு மூலக்கூறின் உதவியால் ஒட்டிக்கொண்டு, சுறுசுறுப்பற்ற துகளாகிவிடுவதே காரணம். இன்னும் உயர்த்தினால் மறுபடியும் வெடிப்பு. அழுத்தம் கூடினால் ஆபத்தும் ஒரே சீராகக் கூடும் என்று எண்ணுவோர்க்கு இந்த வாயுக்கலவை நல்லதொரு மறுப்பு.

எண்கள் கூறுவது

மீத்தேன் காற்றில் 5 முதல் 15 சதவீதம் வரை இருந்தால்தான் தீப்பற்றும். ஹைட்ரஜனுக்கு இந்த வரம்பு 4 முதல் 75 சதவீதம். கீழ் வரம்பில் இரண்டிற்கும் அதிக வேற்றுமை இல்லை. 4 சதவீதத்தில் ஹைட்ரஜனின் சுடர் மேல்நோக்கி மட்டுமே செல்லும். எல்லாத் திசைகளிலும் பரவ ஏறத்தாழ 8 அல்லது 9 சதவீதம் வேண்டும். ஆனால் மேல் வரம்பு அச்சம் தருவது. மீத்தேன் நிறைந்த அறையில், அளவு மிகுந்துவிட்டதாலேயே தீப்பற்றாத நிலை விரைவில் ஏற்பட்டுவிடும். ஹைட்ரஜன் நிறைந்த அறை எளிதில் அந்நிலையை அடையாது.

தீப்பற்ற வைக்கத் தேவைப்படும் பொறியின் ஆற்றல் மீத்தேனுக்கு ஏறத்தாழ 0.3 மில்லிஜூல், ஹைட்ரஜனுக்கு 0.02 மில்லிஜூல் மட்டுமே. உலர்ந்த நாளில் செயற்கை இழை ஆடை அணிந்து நடப்பவரின் விரல் நுனியிலிருந்து எழும் நிலைமின் பொறி இவ்விரண்டையும்விடப் பெரிதாக இருக்கக்கூடும் என்பதால், இந்த வேறுபாட்டை மட்டும் பெரிதுபடுத்துவதில் பயனில்லை. உண்மையில் கவலைக்குரியது சுடரின் வேகம். மீத்தேன் சுடர் காற்றுக் கலவையில் நொடிக்கு ஏறத்தாழ 40 சென்டிமீட்டர் முன்னேறும். ஹைட்ரஜன் சுடரோ 2.5 முதல் 3 மீட்டர் வரை முன்னேறும். குழாய்களும் கம்பிச் சட்டங்களும் நிறைந்த இடத்தில் அச்சுடர் கலங்கி, மேலும் விரைந்து, ஒலியின் வேகத்தையும் மிஞ்சிய வெடிப்பலையாக மாறக்கூடும். குறுகிய சந்துகளின் வழியே மீத்தேன் சுடர் அணைந்துவிடும். ஹைட்ரஜன் சுடர், ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த இடுக்கிலும் நுழையும். மின்சார விசைப்பெட்டிகளின் வெடிகாப்பு உறைகள் ஹைட்ரஜனுக்கெனத் தனி வகுப்பில், மிகக் கடுமையான அளவுகளுடன் செய்யப்படுவது இதனால்தான்.

சாதகமானதும் உண்டு. ஹைட்ரஜன் காற்றைவிட 14 மடங்கு இலேசானது. திறந்தவெளியில் கசிந்தால் விரைந்து மேலெழுந்து சிதறிவிடும். 1990 நவம்பர் 5ஆம் நாள் ராய்கட் மாவட்டம் நாகோட்டணேயில் எரிவாயுச் சிதைப்பு ஆலையில் ஈத்தேனும் புரொப்பேனும் கசிந்து வெடித்து, 30க்கும் மேற்பட்டோர் மாண்டனர். காற்றைவிடக் கனமான அத்தகைய வாயு தரையோடு தவழ்ந்து தீயைத் தேடிச் செல்லும். ஹைட்ரஜன் அவ்வாறு செய்வதில்லை. ஆனால் மேலே கூரை இருந்தால், இலேசான தன்மையே பகையாகிவிடுகிறது. 2018 ஆகஸ்ட் 8ஆம் நாள் செம்பூரை அடுத்த மாகுலில், பாரத் பெட்ரோலியம் சுத்திகரிப்பு ஆலையின் ஹைட்ரோ கிராக்கர் பிரிவில், கம்ப்ரஸர் கொட்டகையில் தீ விபத்து நேர்ந்து 40க்கும் மேற்பட்டோர் காயமுற்றனர். ஹைட்ரோ கிராக்கர் என்பது உயர் அழுத்த ஹைட்ரஜனைக் கொண்டு கனரக எண்ணெய்களைப் பிளக்கும் பிரிவு. வெடிச்சத்தம் சுற்றுப்புறக் குடியிருப்புகளிலும் கேட்டது. இத்தகைய பிரிவுகளில் கூரையின் உச்சியில் திறப்பு வைப்பதும், பக்கச் சுவர்களைத் தவிர்ப்பதும் அலங்காரமல்ல.

மற்றொன்று, சுடர் கண்ணுக்குத் தெரியாமை. மீத்தேனின் நீலச்சுடரையும் விறகின் மஞ்சள் சுடரையும் கண்டு பழகியவர்க்கு இது புதுமை. மஞ்சள் நிறம் எரியாத கரித்துகள்களால் வருவது; ஹைட்ரஜனில் கரியே இல்லை. பகல் வெளிச்சத்தில் ஏறத்தாழ 2,100 டிகிரி சென்டிகிரேடு வெப்பமுள்ள சுடர், வெறும் வெளியைப் போன்று தோன்றும். அனல் வீச்சும் குறைவாதலால், அருகே செல்லும்வரை உடலும் எச்சரிப்பதில்லை. அமெரிக்க ராக்கெட் தளங்களில் முற்காலத்தில் ஊழியர்கள் நீண்ட துடைப்பத்தை முன்னே நீட்டியபடி நடப்பார்களாம். துடைப்பம் பற்றிக்கொண்டால் அங்கே கசிவு எரிகிறது என்று பொருள். இன்று அப்பணியைப் புற ஊதாக் கதிர் உணர்விகள் செய்கின்றன.

ஐந்து சதவீதத்தின் உண்மை மதிப்பு

இனி அடுப்புக்கு வருவோம். எடைக்கு எடை ஒப்பிட்டால் ஹைட்ரஜனே அரசன்: கிலோ ஒன்றுக்கு 120 மெகாஜூல், மீத்தேனுக்கு 50. ஆனால் குழாயில் வாயு செல்வது எடைக் கணக்கில் அன்று, கன அளவில். ஒரு கன மீட்டர் மீத்தேன் ஏறத்தாழ 35.8 மெகாஜூல் வெப்பம் தரும். ஒரு கன மீட்டர் ஹைட்ரஜன் 10.8 மட்டுமே, அதாவது மூன்றில் ஒரு பங்கிற்கும் குறைவு.

இதன் விளைவைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். 5 சதவீதம் கலந்தால், கலவையின் வெப்பம் கன மீட்டருக்கு ஏறத்தாழ 34.5 மெகாஜூலாகக் குறையும். அதே அளவு சமையலுக்கு வெளியாகும் கரியமில வாயுவில் மிச்சமாவது ஏறத்தாழ ஒன்றரை சதவீதம். 20 சதவீதம் கலந்தாலோ, வெப்பம் 30.8 மெகாஜூலாக இறங்கும். கரியமில வாயுவில் மிச்சம் 7 சதவீதம். "இருபது சதவீதப் பசுமை வாயு" என்று அறிவிக்கப்படும்போது, கேட்பவர் மனத்தில் இருபது சதவீதத் தூய்மை என்றே பதியும். அறிக்கை எழுதும் அதிகாரிகள் கன அளவு விகிதத்துடன் ஆற்றல் விகிதத்தையும் சேர்த்துக் குறிப்பிடுவது நேர்மை.

இதில் நுகர்வோரின் பணமும் அடங்கியுள்ளது. வீட்டு மீட்டர் கன மீட்டரையே அளக்கிறது. 20 சதவீதக் கலவையில் அதே சோற்றை வடிக்க ஏறத்தாழ 16 சதவீதம் கூடுதல் கன அளவு செலவாகும். கட்டணம் கன மீட்டர் கணக்கிலேயே நீடித்தால், குடும்பம் அதே வெப்பத்திற்குக் கூடுதலாகச் செலுத்த நேரிடும். ஆற்றல் அளவில் கட்டணம் விதிப்பது ஒன்றே இதற்குத் தீர்வு. குழாய் பதிப்பதற்குமுன் இது தீர்மானிக்கப்பட வேண்டிய விஷயம் என்பது இக்கட்டுரையாளரின் கருத்து.

பர்னர்களைப் பொறுத்தவரை, 20 சதவீதம் வரையிலான கலவையில் இன்றைய அடுப்புகள் பெரும்பாலும் சிக்கலின்றி எரிகின்றன என்று சோதனைகள் காட்டியுள்ளன. அதற்கு மேல் சென்றால், விரைந்தோடும் ஹைட்ரஜன் சுடர் துளைகளின் வழியே பர்னருக்குள் பின்வாங்கும் அபாயம் தோன்றும். பிரிட்டன் 1967 முதல் 1977 வரையிலான பத்தாண்டுகளில் நிலக்கரி வாயுவிலிருந்து இயற்கை எரிவாயுவுக்கு மாறியபோது வீடுதோறும் சென்று பர்னர்களை மாற்ற வேண்டியிருந்தது. எதிர்த்திசையில் செல்ல விரும்பினாலும் அவ்வேலையிலிருந்து தப்ப முடியாது. எஃகுக் குழாய்களில் ஹைட்ரஜன் ஊடுருவி அவற்றை நொறுங்கத்தக்கதாக்கும் இயல்பும் உண்டு. தெருக்களிலும் வீட்டு இணைப்புகளிலும் உள்ள பாலிஎத்திலீன் குழாய்களுக்கு அத்தொல்லை இல்லை.

"எரிந்தால் நீர் மட்டுமே" என்று கூறப்படுவதும் முழு உண்மையன்று. ஆக்ஸிஜனில் எரித்தால் அவ்வாறே. காற்றில் எரிக்கும்போது, உயர் வெப்பநிலையில் காற்றிலுள்ள நைட்ரஜனும் ஆக்ஸிஜனும் இணைந்து நைட்ரஜன் ஆக்சைடுகள் உண்டாகின்றன. காற்றோட்டம் குறைந்த சிறிய சமையலறைகளுக்கு இது பொருந்தாத செய்தியன்று.

மின்பகுப்பால் ஒரு கிலோ ஹைட்ரஜன் பெற 50 முதல் 55 யூனிட் மின்சாரம் தேவை. திரும்பக் கிடைப்பது 33 யூனிட்டுக்குச் சமமான வெப்பம். அதிலும் ஒரு பகுதியே பாத்திரத்தைச் சேரும். அதே மின்சாரத்தைத் தூண்டல் அடுப்புக்கு நேரே கொடுத்தால் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் பயன்படும். ஆகவே அடுப்பங்கரை ஹைட்ரஜனுக்கு உகந்த இடமா என்பதில் ஐயம் உண்டு. ஆனால் அம்மோனியாவை ஹைட்ரஜனின்றித் தயாரிக்க இயலாது; எண்ணெயிலிருந்து கந்தகத்தை நீக்கவும் இயலாது. இன்று அந்த ஹைட்ரஜன் இயற்கை எரிவாயுவிலிருந்து பெறப்படுகிறது. ஒரு டன் ஹைட்ரஜனுக்கு ஏறத்தாழ 9 டன் கரியமில வாயு வெளியேறுகிறது. கழியின் அக்கரையில், டிராம்பேயிலும் மாகுலிலும், ஏற்கெனவே பயிற்சி பெற்ற ஊழியர்களும் உரிய குழாய்களும் உள்ள ஆலைகளில் முதலில் பசுமை ஹைட்ரஜனைப் புகுத்துவது, கோபர்கைரனேயின் ஆயிரக்கணக்கான சமையலறைகளில் சிறிது சிறிதாகக் கலப்பதைவிடப் பயன் மிக்கது.

சுடரின்றி எரித்தல்

டிராம்பேயில் இவ்வாயுவைப் பற்றிய வேறொரு வகை ஆராய்ச்சியும் நடந்துள்ளது. 1823இல் டோபரைனர் என்னும் ஜெர்மானிய ரசாயனி, பிளாட்டினத்தின்மீது ஹைட்ரஜனைப் பாய்ச்சினால் அது தானே பற்றிக்கொள்வதைக் கண்டார். பிளாட்டினத்தின் பரப்பில் ஹைட்ரஜன் மூலக்கூறு எளிதில் இரண்டாகப் பிரிகிறது. 436 கிலோஜூல் காவல் அங்கே தளர்ந்துவிடுகிறது. இவ்வுண்மை அணு உலைகளின் பாதுகாப்பில் பயன்படுகிறது. உலையின் குளிரூட்டல் தடைப்பட்டால், எரிபொருள் உறையிலுள்ள சிர்கோனியம் நீராவியுடன் வினைபுரிந்து ஹைட்ரஜனை வெளியிடும். 2011 மார்ச் 12ஆம் நாள் ஜப்பானின் புகுஷிமாவில் முதலாம் உலைக் கட்டிடத்தின் மேற்பகுதியைப் பிய்த்தெறிந்தது இவ்வாறு கூரையின் கீழ்த் தேங்கிய ஹைட்ரஜனே.

பாபா அணு ஆராய்ச்சி நிலைய விஞ்ஞானிகள் இதற்கு உள்நாட்டிலேயே ஒரு கருவியை உருவாக்கினர். பிளாட்டினமும் பல்லேடியமும் பூசப்பட்ட துருப்பிடிக்காத எஃகு வலைகள் ஒரு பெட்டியினுள் செங்குத்தாக அடுக்கப்பட்டிருக்கும். ஹைட்ரஜன் கலந்த காற்று வலையைத் தொட்டதும் சுடரின்றி நீராவியாகிறது. அவ்வினையின் வெப்பத்தால் காற்று சூடேறி மேலே செல்ல, கீழிருந்து புதுக் காற்று உள்ளே வருகிறது. மின்சாரமோ, விசிறியோ, விசையை அழுத்த ஓர் ஆளோ தேவையில்லை. எரியும் வரம்பான 4 சதவீதத்தை எட்டுவதற்கு முன்பே ஹைட்ரஜனின் அளவைக் கீழிறக்கத் தொடங்குவது இக்கருவியின் வேலை.